எரிமலை ஆபீசுக்குப் போன இரும்பு அலமாரி

ஐம்பத்தோரு வயது வரை, வெஸ்ட் இண்டீஸ் என்பது ஒரு நாடு என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஆஸ்திரேலியா ஒரு நாடு, இலங்கை ஒரு நாடு, அதுபோல அதுவும் ஒன்று. அதற்கு ஒரு தலைநகரம் இருக்கும், ஒரு பிரதமர் இருப்பார், பஸ் பிடிக்கக்கூட அந்த ஊர் ஜனங்கள் வேகப்பந்து போடுகிறவர்போல முப்பது அடி தூரத்திலிருந்து ஓடிவந்துதான் ஏறுவார்கள் என்பது என் தீர்மானம். கிரிக்கெட் ஸ்கோர் போர்டில் ஒரே பெயர், ஒரே கொடி, ஒரே தொப்பி. மருந்துக்கடைக்காரர் கொடுக்கும் பாராசிட்டமாலைக்கூட விளக்கில் காட்டிப் பார்க்கிற ஆள் நான். வாழ்க்கையில் சந்தேகப்படாமல் விட்ட விஷயம் இது ஒன்றுதான்.

இதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்திருக்காது, நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் டிஸ்பாட்ச் இன்சார்ஜாக இல்லாமல் இருந்திருந்தால்.

எங்கள் கம்பெனி தகடு வளைக்கிற கம்பெனி. ஆள் உயரத்துக்கும் மேலே நிற்கிற இரும்பு அலமாரிகள் செய்வோம். ரேக் என்போம். ஆபீஸ்களிலும் கல்லூரிகளிலும் குளிரூட்டிய அறையில் இன்டர்நெட் பெட்டிகளை அடுக்கிவைத்திருப்பார்களே, அந்த அடுக்கு. தகடு வெட்டி, வளைத்து, பற்றவைத்து, கறுப்பு பவுடர் கோட்டிங் அடித்து வந்தால், கடைசியாக என் பார்வை. கீல், பூட்டு, பெயின்ட், பெட்டி, முகவரி எல்லாம் பார்த்து நான் கையெழுத்துப் போட்டால்தான் லாரி கேட்டைத் தாண்டும். பதினெட்டு வருஷமாக அந்தக் கையெழுத்துதான் எனக்குக் கம்பெனியில் மரியாதை.

எனக்கு நேர்கீழே பேக்கிங் பிரிவு. அதை நடத்துகிறவர் ஒரு பெண். என்னைவிடப் பத்து வயது சின்னவர். கம்பெனி முழுக்க அவரை அக்கா என்றுதான் கூப்பிடும், நான் உட்பட. அவர் என்னை அண்ணா என்பார். தொழிற்சாலைக்குள் வயதுக் கணக்கு அப்படித்தான் ஓடும். புதுவாயலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அவர் அப்பா அம்மா காலம்வரை அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம். அக்கா எட்டு வருஷமாக எங்களிடம் கான்ட்ராக்டில் இருந்தார். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை அவருடைய அடையாள அட்டையில் கான்ட்ராக்டர் பெயர் மாறும். போட்டோ மட்டும் அதே போட்டோ.

அப்போதுதான் அந்த ஆர்டர் வந்தது. எங்களுடைய முதல் வெளிநாட்டு ஆர்டர். பதினெட்டு ரேக். மேனேஜர் எல்லாரையும் கூட்டி நிற்கவைத்து சொன்னார்: "இது டைமுக்குப் போய், ஒரு கம்ப்ளெயின்ட்டும் வரலேன்னா, தொடர்ந்து ஆர்டர் வரும். எக்ஸ்போர்ட்டுக்குன்னு தனி லைன் போடுவோம். பேக்கிங்ல மொதல் பர்மனென்ட் அக்காதான். நான் எழுதிக் குடுத்துட்டேன்."

அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். சிரிக்கவில்லை. எட்டு வருஷத்தில் எத்தனை மேனேஜர்கள் எதையெல்லாம் எழுதிக் கொடுத்தார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அன்று சாயங்காலம் பேக்கிங் ஹாலைத் தானே ஒருமுறை கழுவிவிட்டதைப் பார்த்தேன்.

இரண்டு வாரம் கழித்து முகவரிப் பட்டியல் என் மேஜைக்கு வந்தது. வாங்குகிறவர் ஒரே அமைப்பு. கரீபியன் தீவுகளின் பல்கலைக்கழகங்களையும் கல்லூரிகளையும் ஆராய்ச்சி நிலையங்களையும் ஒரே வலையாக இணைக்கிற அமைப்பு என்று போட்டிருந்தது. சரி, வெஸ்ட் இண்டீஸ், நம்ம ஆளுங்க என்று சந்தோஷப்பட்டுப் பக்கத்தைத் திருப்பினேன். ஒவ்வொரு இரண்டு ரேக்குக்கும் ஒரு தனி நாடு. ஜமைக்கா ஒரு நாடு. பார்படாஸ் ஒரு நாடு. இப்படி ஒன்பது. ஒன்பதுக்கும் தனித்தனி கஸ்டம்ஸ் விவரம், தனித்தனி அரசாங்க அனுமதி எண்.

எனக்கு வியர்த்துவிட்டது. ஒரு டீமுக்கு ஒன்பது கஸ்டம்ஸா? யாரோ வெஸ்ட் இண்டீஸை ஒன்பதாக வெட்டி, இல்லாத நாட்டுக்கெல்லாம் முத்திரை அடித்து, என் கையெழுத்தில் சரக்கை அனுப்பப் பார்க்கிறான். கண்டுபிடித்துவிட்டேன்!

செய்தித்தாளில் துறைமுகக் கடத்தல் செய்திகளை நான் கடைசி வரி வரை படிக்கிறவன். முதலாளி தலைமறைவாகியிருப்பார், ஏஜென்ட் துபாயில் இருப்பார், கடைசி வரியில் ஒரு டிஸ்பாட்ச் ஊழியர் கைதாகியிருப்பார். எப்போதும் டிஸ்பாட்ச்தான். என் வீடு சோழவரத்தில். தினமும் காலையில் புழல் சிறைக்கு முதுகைக் காட்டித்தான் வண்டியைக் கிளப்புகிறேன். அன்றைக்குத் திரும்பி வரும்போது அது நேர் எதிரே, ஏழெட்டுக் கிலோமீட்டர் தள்ளிக் காத்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

வீட்டில் சொன்னேன். மனைவி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள். "உன்னைப் புடிச்சி உள்ள வெச்சா அவுங்களுக்குத்தான் பேஜாரு. தெனம் சோத்துல இன்னா போட்டீங்கன்னு கேட்டே சாவடிப்பே."

ஆறுதல் சொல்லத் தெரியாத குடும்பம். மறுநாளிலிருந்து தனியாகத் துப்புத் துலக்க ஆரம்பித்தேன். எல்லாக் காகிதத்தையும் சந்தேகக் கண்ணோடு பார்த்தால் எல்லாமே சந்தேகமாகத்தான் இருந்தது. ரேக்கின் அடியில் நாலு மூலையிலும் கட்டைவிரல் தடிமனுக்கு போல்ட் போட ஓட்டை கேட்டிருந்தார்கள். தரையோடு சேர்த்து முறுக்கவாம். கல்லூரியில் இருக்கிற அலமாரி எங்கே ஓடிப்போகும்? கீல்கள் எல்லாம் துருப்பிடிக்காத எஃகில் வேண்டுமாம். குளிரூட்டிய அறைக்குள் எங்கிருந்து உப்புக்காற்று வரும்? எல்லாவற்றுக்கும் மேலே, கல்லூரிக்குத் தனி இன்டர்நெட் எதற்கு? என் மைத்துனன் மகன் செல்போனில் ரீசார்ஜ் பண்ணியே இன்ஜினியரிங் முடித்துவிட்டான்.

ஒன்பதாவது முகவரிக்கு வந்தபோது நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு குட்டித் தீவு. பெறுநர்: எரிமலைக் கண்காணிப்பு நிலையம். கதவு எண் இல்லை, தெரு இல்லை, பின்கோடு இல்லை. பழைய கிரிக்கெட் மைதானம் தாண்டி மேட்டில் ஏறவும் என்று இருந்தது.

எரிமலைக்கு இன்டர்நெட்!

பட்டியலை மடித்து டிராயரில் போட்டுப் பூட்டினேன். கையெழுத்துப் போட மாட்டேன் என்று மேனேஜரிடம் சொல்லவில்லை, அவ்வளவு தைரியம் இருந்தால் நான் ஏன் டிஸ்பாட்சில் இருக்கிறேன். சரிபார்ப்பு நடக்கிறது என்று மட்டும் சொன்னேன். ஒரு நாள், இரண்டு நாள், நாலு நாள் சரிபார்ப்பு நடந்தது. பதினெட்டு ரேக்கும் பேக்கிங் ஹாலில் பிளாஸ்டிக் சுற்றி வரிசையாக நின்றன. கப்பல் தேதி நெருங்கியது.

ஐந்தாம் நாள் அக்கா என் கண்ணாடி அறைக்குள் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"இன்னாண்ணா, இன்னும் இன்னா பாத்துக்கினு கீறீங்க? பூட்டு பாத்தாச்சு, கீல் பாத்தாச்சு, பெயின்ட்டுல மூஞ்சியே பாத்தாச்சு."

"ஒரு விஷயம் இடிக்குதும்மா."

"இன்னா இடிக்குது?"

குரலைத் தாழ்த்தி, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்து, ஒன்பது நாட்டு விஷயத்தைச் சொன்னேன். எரிமலையையும் சொன்னேன். அக்கா பொறுமையாகக் கேட்டார். பிறகு தன் செல்போனை எடுத்து எதையோ தட்டி என் முன்னால் வைத்தார். உலக வரைபடம். கடலில் யாரோ மிக்சரைக் கொட்டியதுபோலத் தீவுகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர்.

"எம் பொண்ணு ஒம்பதாவது படிக்கிறா. அவளைக் கேட்டாலே சொல்லுவா. அது எல்லாம் தனித்தனி நாடுண்ணா. வெளையாட மட்டும் ஒண்ணா வருவாங்க."

"இந்த மேப்பை யார் வேணா போட்டு வைக்கலாம்மா."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். "அண்ணா, ஒலகத்தையே மாத்தி வரைஞ்சி உங்க ஒருத்தரை ஏமாத்துறதுக்கு எவனுக்கு நேரம் கீது? இது போலேன்னா உங்களுக்கு ஒண்ணும் இல்ல. மாசம் பொறந்தா சம்பளம். எனுக்கு மறுபடியும் புது கான்ட்ராக்டர், புது அட்டை. அதை மட்டும் யோசிங்க."

அவர் போன பிறகு யோசித்தேன். அக்காவுக்கும் இந்தக் கும்பலுக்கும் தொடர்பு இருக்குமோ என்றுதான் முதலில் யோசித்தேன். நான் எவ்வளவு கேவலமான ஆள் என்று தெரிந்துகொள்ள இதைவிட என்ன வேண்டும்.

அக்கா நேராக மேனேஜரிடம் போயிருக்கிறார். மறுநாள் மாலை ஆறரை மணிக்கு, எங்கள் ஷிப்ட் மாறுகிற நேரத்தில், வாங்குகிற அமைப்புக்காகத் தீவு ஒன்றில் இருக்கும் இன்ஜினியரோடு வீடியோ காலுக்கு ஏற்பாடு. அங்கே அப்போது காலை ஒன்பது மணியாம். நான் முந்தின ராத்திரியே மூன்று கேள்விகள் தயாரித்து உள்ளங்கையில் எழுதி வைத்திருந்தேன். மூன்றும் கிரிக்கெட் கேள்விகள். உண்மையான வெஸ்ட் இண்டீஸ்காரர் என்றால் தூக்கத்தில்கூட பதில் சொல்லவேண்டும். போலி என்றால் மாட்டிக்கொள்வார்.

திரையில் வந்தது ஒரு பெண்மணி. நாற்பது வயது இருக்கும், கண்ணாடி, கையில் காப்பிக் கோப்பை. அவர் பேசிய ஆங்கிலம் எனக்குப் பாதி புரிந்தது, மேனேஜருக்கு முக்கால். மேனேஜர் மொழிபெயர்த்தார். நான் வணக்கம் வைத்துவிட்டு, முன்னுரை எதுவும் இல்லாமல், உள்ளங்கையைப் பார்த்து முதல் கேள்வியைக் கேட்டேன்.

"எனக்குக் கிரிக்கெட் தெரியாது," என்றார் அவர். "நான் பார்ப்பதே இல்லை. ஏன்?"

மேனேஜரை ஜாடையாகப் பார்த்தேன். பாத்தீங்களா, மாட்டிக்கினாங்க என்பது அந்த ஜாடையின் அர்த்தம். மேனேஜர் என் காலை மிதித்தார். பிறகு, வேறு வழியில்லாமல், இவர் உங்களை நிஜமான ஆளா என்று சோதிக்கிறார் என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து ஒரு கேள்வி கேட்டார். மேனேஜர் அதை மட்டும் மிகுந்த உற்சாகத்தோடு மொழிபெயர்த்தார்: "உங்க ஊரு கபடி டீம்ல யார் யாரு இருக்காங்கன்னு கேக்குறாங்க சார். சொல்லுங்க."

ஒரு பெயரும் தெரியவில்லை. ஆனாலும் நான் இந்தியன்தான், பாஸ்போர்ட் இல்லாவிட்டாலும்.

அதன்பிறகு அந்த அம்மா தன் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். கடல். கடலுக்கு அப்பால், பச்சையாக ஒரு மேடு.

"அது பக்கத்துத் தீவு. வேறு நாடு. அங்கே எங்கள் கல்லூரிக்கு ஒரு கிளை இருக்கிறது. இங்கிருந்து கண்ணுக்குத் தெரிகிறது இல்லையா? ஆனால் நான் இங்கிருந்து ஒரு பாடத்தை அனுப்பினால் அது அமெரிக்காவுக்குப் போய், அங்கே சுற்றித் திரும்பி, பிறகுதான் அந்த மேட்டுக்குப் போய்ச் சேரும்."

மேனேஜர் அதை விளக்க ஆரம்பித்தபோது நான் கையைக் காட்டி நிறுத்தினேன். இது எனக்கு மொழிபெயர்க்காமலே புரிந்தது. புதுவாயலில் ஹைவேயின் இந்தப் பக்கம் நின்றால் எதிர்ப்பக்க டீக்கடையில் யார் பஜ்ஜி தின்கிறார்கள் என்பதுகூடத் தெரியும். ஆனால் வண்டியோடு போய்ச் சேர, ஆந்திரா பக்கம் எங்கேயோ போய் யூ-டர்ன் போட்டு வரவேண்டும். இவர்களுக்கு யூ-டர்ன் அமெரிக்காவில்.

அவர் சொல்லிக்கொண்டே போனார். ஒவ்வொன்றும் சின்னத் தீவு. எல்லாப் பாடத்துக்கும் எல்லாத் தீவிலும் வாத்தியார் வைத்துக்கொள்ள முடியாது. ஒரு தீவில் வாத்தியார் இருப்பார், இன்னொரு தீவில் பிள்ளைகள் இருப்பார்கள், மூன்றாவது தீவில் கருவி இருக்கும். அந்தக் குட்டித் தீவின் எரிமலையை வருஷம் முழுக்கக் கருவிகள் கவனிக்கின்றன. நிலம் லேசாக நடுங்கினால்கூட அந்தக் கணக்கு மற்றத் தீவுகளில் இருக்கிற விஞ்ஞானிகளுக்கு உடனே போகவேண்டும். பெரிய புயல் வந்தால் ஒரு பக்கத்து இன்டர்நெட் கம்பி அறுந்துவிடும். அதனால் இரண்டு பக்கமும் வழி வைக்கிறார்கள். புயலில் கூரையே போகும், அதனால்தான் போல்ட். ஜன்னல் உடைந்தால் கடல்காற்று உள்ளே, அதனால்தான் எஃகுக் கீல். தனித்தனியாகப் போய்க் கேட்டால் எந்தத் தீவையும் யாரும் மதிப்பதில்லை. ஒன்றாகச் சேர்ந்து கேட்டால்தான் பெரிய கம்பி கிடைக்கும்.

கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. "கம்பி இழுப்பது சுலபம். ஒன்பது அரசாங்கத்திடம் கையெழுத்து வாங்குவதுதான் கஷ்டம். ஒருவர் போட்டால் அடுத்தவர் சந்தேகப்படுவார். அவருக்குப் புரியவைப்பதற்குள் முதல் ஆள் தேர்தலில் தோற்றுப்போவார். என் வேலையில் பாதி இதுதான். ஒன்பதும் வாங்கிவிட்டேன். பத்தாவது உங்களுடையது."

மேனேஜர் மொழிபெயர்த்துவிட்டு என்னைப் பார்த்தார். கதவருகே அக்கா நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். கையெழுத்துப் போட்டேன்.

போட்டுவிட்டேனே தவிர, சந்தேகம் போகவில்லை. அது உடம்போடு வந்தது, ஒரு அம்மாவின் பேச்சில் போய்விடுமா. மற்ற எட்டு நாட்டை ஒருவழியாக ஒத்துக்கொண்டேன். எரிமலை மட்டும் நெஞ்சில் நின்றது. மரப்பெட்டிகள் வந்தன. வெளிநாடு போகிற மரம் சூடுபடுத்தி முத்திரை வாங்கியிருக்க வேண்டும். பூச்சியோ முட்டையோ ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போய்ப் பயிரைக் கெடுத்துவிடக்கூடாது என்பதற்கான விதி. நான் டார்ச் அடித்து ஒவ்வொரு சட்டத்திலும் முத்திரையைத் தேடினேன். முத்திரை மங்கலாக இருந்த இரண்டு பலகையைக் கழற்றிப் போடச் சொன்னேன். அக்கா முணுமுணுத்துக்கொண்டே மாற்றினார்.

லாரி வந்த காலையில், வழக்கம்போல எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்து வாங்கிவந்தேன். எங்கள் கேட்டிலிருந்து திருஷ்டி கழிக்காமல் ஒரு வண்டியும் போனதில்லை. பதினெட்டு வருஷமாக அந்தப் பொறுப்பும் என்னுடையதுதான். அக்கா கிறிஸ்தவர், இதில் சேரமாட்டார். "நான் ஜெபம் பண்ட்டேன்ணா, அது போதும்" என்பார்.

அன்று ஒன்றுக்கு இரண்டாக வாங்கியிருந்தேன். ஒன்று லாரிக்கு. ஆனால் லாரி துறைமுகம் வரைக்கும்தான் போகும், அதற்கப்புறம் கடல் இருக்கிறது, எரிமலை இருக்கிறது. டீ நேரத்தில் ஹால் காலியாக இருந்தபோது, கடைசிப் பெட்டியின் மூடி திறந்திருந்தது. எரிமலை ஆபீஸ் பெட்டி. உள்ளே கையைவிட்டு, ரேக்கின் பின்பக்கக் காலில், நீல நைலான் கயிற்றால் இன்னொரு எலுமிச்சம்பழத்தைக் கட்டினேன். அரை மணி நேரம் கழித்து அக்கா கேட்டார், "மூடலாமாண்ணா?"

"மூடும்மா."

ஆணி அடித்தார்கள். லாரி போனது.

இரண்டு மாதம் எந்தத் தகவலும் இல்லை. அப்புறம் எட்டு நாட்டுக்குப் பெட்டி போய்ச் சேர்ந்த ரசீது ஒவ்வொன்றாக வந்தது. பிறகு ஒரு காலையில் அந்த இன்ஜினியர் அம்மாவின் மெயில். ஒன்பதாவது தீவில், பெட்டியைத் திறந்தபோது உள்ளே சந்தேகத்துக்கிடமான பொருள் ஒன்று இருந்ததாம். அதிகாரிகள் பெட்டியைப் பிடித்துவைத்துவிட்டார்கள். உடனே விளக்கம் வேண்டும். படம் இணைத்திருந்தார்.

பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்பாக, சுருங்கி, மொச்சைக்கொட்டையை வறுத்ததுபோல ஓர் உருண்டை. அதன் மேலும் கீழும் நாலைந்து கறுத்த முட்கள். ஒரு வயர். பக்கத்தில் அளவு காட்ட ஒரு ஸ்கேல்.

உங்களுக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் புரியவில்லை. வயரைப் பார்த்ததுமே முடிவுகட்டிவிட்டேன். குண்டு. இல்லையென்றால் போதைப்பொருள். நாற்காலியிலிருந்து எழுந்து ஹால் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். "நான் சொன்னேனா இல்லையா! சொன்னேனா இல்லையா!" மேனேஜருக்குப் போன் போட்டேன். கடத்தல் நடந்துவிட்டது, நம்ம கம்பெனிக்குள்ளேயே ஆள் இருக்கிறது, நான் முதல் நாளே எச்சரித்தேன், அதை எழுத்தில் பதிவு செய்யுங்கள் என்றேன். பயத்தோடு சேர்ந்து ஒரு சந்தோஷமும் இருந்தது. ஒருவழியாக என் சந்தேகம் பலித்துவிட்டது அல்லவா.

மேனேஜர் அமைதியாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். "பெட்டிக்குள்ள இருந்ததுன்னா அது பேக்கிங் பொறுப்பு சார். அக்கா பேரை நான் பர்மனென்ட் லிஸ்ட்லேர்ந்து நிறுத்தி வைக்கிறேன். நீங்களே விசாரிச்சி ரிப்போர்ட் குடுங்க. சந்தேகப்படுறதுல உங்களை விட்டா நம்மகிட்ட ஆள் இல்ல."

விசாரணை அதிகாரி! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினேன். திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

"இது இன்னான்னு தெரியுதா?"

அக்கா குனிந்து பார்த்தார். கிட்டே போய்ப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எலுமிச்சங்காண்ணா."

"எது?"

"காஞ்சிபோன எலுமிச்சங்கா. மேல மொளகா. இது நம்ம நீலக் கயிறு. இந்த முடிச்சு..." திரையில் விரலை வைத்தார். "ரெண்டு சுத்து சுத்தி, குறுக்கால விட்டு இழுக்குறது. தார்பாய்க்கு இப்படிக் கட்டுறது இந்தக் கம்பெனியில ஒரே ஆளு."

என் கையைப் பார்த்தேன். அது தன்னால் மேஜைக்கடியில் போய்விட்டது.

"நான் அந்தப் பொட்டிய மூடலாமான்னு உங்களைக் கேட்டேன்," என்றார் அக்கா. கத்தவில்லை. "மூடும்மான்னு சொன்னீங்க."

எனக்கு அப்போது தோன்றியதை உள்ளபடி எழுதுகிறேன். இவர் சொல்லிவிடுவாரோ என்றுதான் தோன்றியது. முடிச்சை வைத்து யாராவது நிரூபிக்க முடியுமா என்று தோன்றியது. ஹால் கேமரா அந்த மூலையைப் பார்க்குமா என்று எழுந்துபோய் அண்ணாந்து பார்த்தேன். குற்றவாளிகள் செய்கிற எல்லாவற்றையும், விசாரணை அதிகாரியாகவே இருந்து, ஒழுங்காகச் செய்தேன்.

இரண்டு நாள் ரிப்போர்ட் எழுதினேன். முதலில் எழுதியதில், மரத்தோடு ஏதோ தாவரப் பொருள் கலந்து வந்திருக்கலாம் என்று இருந்தது. இரண்டாவதில், துறைமுகத்தில் யாரேனும் வைத்திருக்கக்கூடும் என்று இருந்தது. விதிப்படி பேக்கிங் பிரிவின் வாக்குமூலமும் வேண்டும். அக்கா எதிரே உட்கார்ந்தார், இந்த முறை நான் சொல்லாமலேயே.

"சம்பவத்தன்னிக்கு இன்னா நடந்துச்சு?" என்றேன், காகிதத்தைப் பார்த்துக்கொண்டு.

"எழுதிக்கோங்கண்ணா. எலுமிச்சங்கா புதுவாயல்ல பஸ் ஏறி வந்துச்சு. கேட்டுல கையெழுத்து போட்டு உள்ள வந்துச்சு. தானே பொட்டியில ஏறி, தானே கயித்தைப் போட்டுக் கட்டிக்கினு தொங்கிச்சு. எரிமலை பாக்க ஆசை போல கீது."

பேனாவை மூடி வைத்தேன்.

"ரெண்டு பலகையில முத்திரை தெரியலேன்னு கழட்டிப் போட வெச்சீங்களே," என்றார் எழுந்துகொண்டே. "பூச்சி போயிடும்னு."

அவர் போன பிறகு இரண்டு காகிதத்தையும் கிழித்தேன். மூன்றாவது நாலே வரி வந்தது. பெட்டிக்குள் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டியது நான். டீ நேரத்தில், யாருக்கும் சொல்லாமல் கட்டினேன். பேக்கிங் பிரிவுக்கு இது தெரியாது. செடி கொடி பழம் அனுப்பக்கூடாது என்ற விதி எனக்குத் தெரியும். கீழே என் கையெழுத்து. பதினெட்டு வருஷத்தில் இவ்வளவு யோசித்துப் போட்ட கையெழுத்து வேறு கிடையாது.

மேனேஜர் படித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. கோபமா சிரிப்பா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான். பிறகு திரும்பி, "தீவுக்கும் நீங்களே இங்கிலீஷ்ல எழுதுங்க" என்றார்.

திருஷ்டியை ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தவர்களுக்கு என் கஷ்டம் தெரியும். இது கண்ணுக்காகக் கட்டுவது என்று எழுதினேன். யார் கண் என்று பதில் வந்தது. எல்லார் கண்ணும் என்று எழுதினேன். வெடிக்குமா, முளைக்குமா, உள்ளே புழு உண்டா என்று அதிகாரிகள் கேட்பதாக வந்தது. வெடிக்காது, அநேகமாக முளைக்காது, புழு பற்றி உறுதி சொல்ல முடியாது என்று எழுதினேன். கடைசியில் அந்த அம்மா தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருந்தார்: எங்கள் தீவுகளிலும் கண்படுவது உண்டு, ஆனால் இங்கே அதற்காக யாரும் பழத்தை இறக்குமதி செய்வதில்லை.

பழத்தை எரித்தார்கள். பெட்டிக்கு மருந்துப்புகை போட்டார்கள். அந்த ரேக் மூன்று வாரம் தாமதமாக மேட்டில் ஏறி, எரிமலைக் கண்காணிப்பு நிலையத்தின் தரையில் நாலு போல்ட்டோடு நிற்கிறது. எரிமலையின் கணக்கு இப்போது மற்ற எட்டுத் தீவுகளுக்கும் போகிறது. எனக்கு மெமோ கொடுத்து, டிஸ்பாட்சிலிருந்து எடுத்து, ஸ்டோர்ஸில் போட்டார்கள். நிறுத்திவைத்த பெயர் மறுபடி லிஸ்டில் ஏறி, அக்கா அடுத்த மாதம் முதல் தேதியில் பர்மனென்ட் ஆனார். எக்ஸ்போர்ட் பெட்டிகளில் இப்போது அவர்தான் கையெழுத்துப் போடுகிறார்.